டிஎன்எஸ் பாதுகாப்புச் சேவைக்கு மாறிய பின் வரும் கோளாறுகள்: புகாரிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

டிஎன்எஸ் என்பது இணையப் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. அந்தக் கேள்விகளை வடிகட்டித் தரும் க்ளவுட் டிஎன்எஸ் பாதுகாப்புச் சேவைக்கு மாறுவது பார்வைக்கு அரை மணி நேர வேலை. உள் டிஎன்எஸ் சர்வரின் ஃபார்வர்டரில் (தனக்குத் தெரியாத கேள்வியை யாரிடம் அனுப்புவது என்ற அமைப்பில்) இரண்டு ஐபி முகவரிகளை மாற்றி எழுதி, சேவையின் நிர்வாகப் பக்கத்தில் அலுவலகத்தின் பொது ஐபி முகவரியைப் பதிவு செய்தால், கேள்விகள் அந்தப் பக்கம் போகத் தொடங்கிவிடும். மால்வேரோ மோசடிப் பக்கமோ இருக்கும் டொமைனை யாராவது தட்டினால் சேவை அதன் உண்மையான முகவரியைத் தராது; இணைப்பு பிறக்கும் முன்பே விஷயம் முடிந்துவிடும். மாலையில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலை புகார்கள் வரிசை கட்டி நிற்கும்.

அந்தப் புகார்களில் பெரும்பாலானவை சேவையின் கோளாறு அல்ல. கேள்வி நாம் நினைத்த வழியில் போகவில்லை, அல்லது நாம் நினைத்தவர் பதில் சொல்லவில்லை. அதனால் எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பெயருக்குப் பதில் சொன்னது யார்? இது தெரியாமல் பாலிசியில், அதாவது எதைத் தடுப்பது என்ற விதிகளில், கை வைப்பவர்கள், ஒரு மணி நேரத்தில் தீர வேண்டியதை ஒரு வாரம் இழுத்துவிடுகிறார்கள்.

## கருவி இரண்டு, பதில் நான்கு

லினக்ஸிலும் மேக்கிலும் ‘டிக்’, விண்டோஸில் ‘என்எஸ்லுக்அப்’. இந்த இரண்டும் போதும். ‘டிக்’ தரும் விடையின் மேல் பகுதியில் ஸ்டேட்டஸ் இருக்கும்; கீழே பதில் தந்த சர்வரின் முகவரி இருக்கும். பலர் நடுவில் வரும் ஐபியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். துப்பு மேலேயும் கீழேயும்தான் இருக்கிறது.

ஸ்டேட்டஸில் ‘நோஎரர்’ வந்தால் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அது தடைப் பக்கத்தின் ஐபியாகவும் இருக்கலாம். ‘என்எக்ஸ்டொமைன்’ என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. குவாட்9 போன்ற சில சேவைகள் தடுக்கும்போதும் இதைத்தான் சொல்லும். ‘செர்வ்ஃபெயில்’ என்றால் ரிசால்வர் (பெயருக்கான முகவரியைத் தேடித் தரும் சர்வர்) தேடிப் பார்த்துத் தோற்றிருக்கிறது. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் கேட்டது நீங்கள் என்பதாலேயே மறுத்திருக்கிறது. இவை எதுவும் வராமல் நேரம் முடிந்து நின்றால், கேள்வி போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பி வரவில்லை.

என்எஸ்லுக்அப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நேராக சர்வரிடம் போய்க் கேட்கும். கணினியின் கேச்சையும் (முன்பு கிடைத்த பதில்களின் தற்காலிகச் சேமிப்பு) ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (பெயர்களுக்கான முகவரிகளைக் கையால் எழுதி வைக்கும் ஃபைல்) பார்க்காது. அதில் சரியாக வந்து பிரவுசரில் வராவிட்டால், கோளாறு அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துக் கேட்கும் பழக்கமும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் நிறுவனத்தின் டொமைனைப் பின்னால் ஒட்டிக் கேட்டு உங்களையே குழப்பும்.

## “ஒரு சைட்டும் திறக்கல”

சேவையின் ஐபியைக் குறிப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ வந்தால், நீங்கள் பதிவு செய்த பொது ஐபியும் இப்போது வெளியே தெரியும் பொது ஐபியும் வேறு வேறா என்று பாருங்கள். இணைய நிறுவனம் ஐபியை மாற்றியிருக்கும், அல்லது இரண்டாவது இணைய இணைப்பு வழியாக டிராஃபிக் போய்க்கொண்டிருக்கும். இரண்டு இணைப்பு உள்ள அலுவலகத்தில் இரண்டின் ஐபியையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஐபி பதிவில் இன்னொரு சிக்கல் உண்டு. ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அந்த ஐபி உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அதை வைத்து உங்களை அடையாளம் காண முடியாது. நிலையான ஐபி வாங்குங்கள், அல்லது உங்களுக்கென்றே சேவை தரும் தனி டிஓஹெச் முகவரியை (கேள்வியை ஹெச்டிடிபிஎஸ் வழியாக மறையாக்கி அனுப்பும் முறை), இல்லாவிட்டால் கணினியில் நிறுவும் சேவையின் மென்பொருளான ஏஜென்டைப் பயன்படுத்துங்கள்.

பதிலே வரவில்லை என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். டிஎன்எஸ் பயன்படுத்தும் போர்ட் 53 என்றதும், யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளில் யுடிபியை மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மறந்துவிடுகிறார்கள். பெரிய பதில்கள் டிசிபியில்தான் வரும். இரண்டையும் திறங்கள்.

பதில் வருகிறது, ஆனால் சேவையின் பதில் மாதிரி இல்லை என்றால், நடுவில் யாரோ பிடித்துப் பதில் சொல்கிறார்கள். சில இணைய நிறுவனங்கள் போர்ட் 53-ல் போகும் எல்லாவற்றையும் தங்கள் ரிசால்வருக்குத் திருப்பிவிடுவது உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: 192.0.2.1 என்ற முகவரியிடம் ஏதாவது ஒரு பெயரைக் கேளுங்கள். அது விளக்க ஆவணங்களில் எடுத்துக்காட்டாக எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி; அங்கே எந்த டிஎன்எஸ் சர்வரும் கிடையாது. அங்கிருந்தும் பதில் வந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது போர்ட் 853-ல் மறையாக்கத்தோடு போகும் டிஓடிக்கோ, 443-ல் போகும் டிஓஹெச்சுக்கோ மாறுவதுதான் தீர்வு. கேள்வி மறையாக்கம் ஆகிவிட்டால் நடுவழியில் யாரும் கை வைக்க முடியாது.

## “எல்லாம் திறக்குது, தடுக்க வேண்டியதும் சேர்த்துத் திறக்குது”

இதுதான் மிக ஆபத்தான அறிகுறி. யாரும் புகார் செய்ய மாட்டார்கள் என்பதே காரணம். ஒரு கிளை அலுவலகத்தில் மாற்றம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அறிக்கையில் தடுக்கப்பட்டவை மிகக் குறைவு, எல்லோருக்கும் நிம்மதி. ஒரு நாள் அங்கே ஒருவர் மோசடி மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டிக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார். அவருடைய கணினியின் நெட்வொர்க் விவரத்தைத் திறந்தேன். முதல் டிஎன்எஸ் நம்முடையது. இரண்டாவது, இணைய நிறுவனத்தின் ரிசால்வர். கணினிகளுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியில் பழைய வரி அப்படியே இருந்தது. ‘முதலாவது படுத்துவிட்டால் கைகொடுக்கட்டும்’ என்று அதை விட்டுவைத்தது நான்தான். அன்றிலிருந்து எந்த நிறுவலையும் இந்த வரியிலிருந்துதான் சோதிக்கிறேன்.

இரண்டாவது சர்வர் முதலாவது செத்த பிறகுதான் பயன்படும் என்று நம்பாதீர்கள். ஒரு கேள்விக்குத் தாமதம் ஆனாலே கணினி இரண்டாவதுக்குத் தாவி, சிறிது நேரம் அங்கேயே இருந்துவிடும். எல்லா சர்வர்களிடமும் ஒரே சமயத்தில் கேட்டு, முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும் லினக்ஸ் வகைகளும் இருக்கின்றன. மாற்று சர்வரும் அதே சேவையின் இன்னொரு முகவரியாகத்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதே ஓட்டை உள் சர்வரிலும் ஒளிந்திருக்கும். விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில், ஃபார்வர்டர்கள் கிடைக்காவிட்டால் ரூட் ஹின்ட்ஸைப் (டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள ரூட் சர்வர்களின் பட்டியலை) பயன்படுத்து என்று ஒரு டிக் குறி இருக்கிறது. அது இருந்தால், சேவை ஒரு கணம் பதில் தராவிட்டாலும் சர்வர் தானே ரூட்டிலிருந்து தேடி, வடிகட்டாத பதிலைக் கொண்டுவந்து கேச்சிலும் வைத்துக்கொள்ளும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஐபிவி6, அதாவது ஐபிவி4-க்குப் பின் வந்த நீளமான முகவரி முறை. ஐபிவி4-ல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருப்போம். ரவுட்டர் தன் ஐபிவி6 அறிவிப்பில் வேறொரு டிஎன்எஸ் முகவரியை எல்லாக் கணினிகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால் டிஎன்எஸ் பட்டியலில் நீளமான முகவரி ஒன்று தெரியும். சேவையின் ஐபிவி6 முகவரிகளை அங்கே கொடுங்கள். அது முடியாவிட்டால் அந்த அறிவிப்பில் டிஎன்எஸ் பகுதியை மட்டும் நிறுத்துங்கள்.

பிறகு பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் சொந்தமாக டிஓஹெச் பேசும். ஃபயர்ஃபாக்ஸ் டிஓஹெச்சைத் தானாகப் போடும் முன் ‘யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட்’ என்ற பெயரைக் கேட்டுப் பார்க்கும். அதற்கு என்எக்ஸ்டொமைன் வந்தால், இந்த நெட்வொர்க்கில் வடிகட்டி இருக்கிறது என்று புரிந்துகொண்டு விலகிக்கொள்ளும். ஆனால் பயனரே செட்டிங்ஸில் போய் டிஓஹெச்சைப் போட்டிருந்தால் இந்த ஏற்பாடு பலிக்காது. நிறுவனக் கணினிகளில் நிர்வாகக் கொள்கை வழியாக இரண்டு பிரவுசர்களிலும் அதை அணைத்துவிடுவதே உறுதியானது. ஆப்பிள் சாதனங்களில் இணையப் போக்கை மறைத்து அனுப்பும் பிரைவேட் ரிலேவை நிறுத்த, ‘மாஸ்க் டாட் ஐக்ளவுட் டாட் காம்’, ‘மாஸ்க்-ஹெச்2 டாட் ஐக்ளவுட் டாட் காம்’ என்ற இரண்டு பெயர்களுக்கும் என்எக்ஸ்டொமைன் கொடுங்கள். பதிலே தராமல் விழுங்கிவிடக் கூடாது; சாதனம் காத்துக்கொண்டே இருந்து, நெட் மெதுவாக இருக்கிறது என்ற புதுப் புகார் முளைக்கும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அது ஆட்டோமேடிக்கில் இருந்தால் நெட்வொர்க் தரும் சர்வரையே பயன்படுத்தும், பயமில்லை. ஒரு குறிப்பிட்ட சர்வரின் பெயரை எழுதி வைத்திருந்தால் அந்த போன் உங்கள் வடிகட்டியைத் தாண்டிப் போகிறது. ஃபயர்வாலில் வெளியே போகும் 853-ஐ மூடினால் பெரும்பாலும் அது நிற்கும். கூடவே அந்த போனில் நெட்டும் நிற்கும். மூடும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நேற்று வரை வேலை செய்த போன் காரணம் தெரியாமல் நின்றுபோனால், மனிதர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

கடைசியாக டிவி, கேமரா போன்றவை. சில சாதனங்களுக்குள் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போன்ற முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கும். டிஹெச்சிபி சொல்வதைக் கேட்காது. போர்ட் 53-ல் வெளியே போகும் கேள்விகளை ஃபயர்வாலில் உள் ரிசால்வருக்குத் திருப்பிவிடலாம். இதில் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். உள் ரிசால்வரின் சொந்தக் கேள்விகளுக்கு விதிவிலக்கு கொடுக்காவிட்டால், அவை அதனிடமே திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். சாதனமும் ரிசால்வரும் ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே உட்பிரிவில்) இருந்தால், பதில் ஃபயர்வால் வழியாக வராமல் நேராகப் போய்விடும். 8.8.8.8-இடம் கேட்டேன், வேறு யாரோ பதில் சொல்கிறார் என்று சாதனம் அதைத் தூக்கி எறிந்துவிடும். ரிசால்வரைத் தனி சப்நெட்டில் வையுங்கள், அல்லது திருப்பும்போதே அனுப்புநர் முகவரியையும் ஃபயர்வாலின் முகவரியாக மாற்றுங்கள்.

## “காலைல லாகின் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுது, ஃபைல் சர்வரைக் காணோம்”

பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் இடத்தில் இந்தப் புகார் வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: கணினிகளுக்கு டிஹெச்சிபியில் நேரடியாக க்ளவுட் சேவையின் முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். லாகின் ஆகும்போது கணினி, லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் எங்கே என்று சொல்லும் எஸ்ஆர்வி ரெக்கார்டைத் தேடும். அது உள் சர்வரில் மட்டுமே இருக்கிறது. க்ளவுட் சேவை அப்படி ஒரு பெயர் இல்லை என்று சொல்லிவிடும்.

உள் சர்வரை முதலாவதாகவும் க்ளவுட்டை இரண்டாவதாகவும் எழுதினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆகாது. ‘பெயர் இல்லை’ என்பதும் ஒரு முழுமையான பதில்தான். அது கிடைத்ததும் கணினி அடுத்த சர்வரிடம் கேட்காது. ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது. இப்படிக் கண்ணாமூச்சி காட்டும் கோளாறுதான் ஆளைக் கொல்லும்.

கணினிகள் உள் சர்வரிடம் மட்டுமே கேட்க வேண்டும். உள் சர்வர் தனக்குத் தெரியாததை மட்டும் சேவைக்கு அனுப்ப வேண்டும். கூட்டாளி நிறுவனங்களின் உள் டொமைன்கள் இருந்தால் அவற்றுக்குத் தனியாக கண்டிஷனல் ஃபார்வர்டர் (இந்த டொமைனை இந்த சர்வரிடம் கேள் என்ற விதி) எழுதுங்கள். ஐபியிலிருந்து பெயர் தேடும் ரிவர்ஸ் ஸோன்களையும் மறக்காதீர்கள். அவை வெளியே போனால் உங்கள் உள் நெட்வொர்க்கின் வரைபடத்தையே வெளியாளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பது போல ஆகும்.

பொதுவெளியில் பதிவான ஒரு பெயர் 192.168-ல் தொடங்கும் உள் ஐபியைத் தந்தால், சில ரிசால்வர்கள் அந்தப் பதிலைக் கீழே போட்டுவிடும். அது, வெளிப் பெயரை உள் ஐபிக்குத் திருப்பி உள் சாதனங்களைத் தொடும் ரீபைண்டிங் தாக்குதலுக்கு எதிரான காவல். அந்த ஒரு பெயருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

## “பக்கம் திறக்குது, ஆனா பாதிதான் வருது”

எழுத்து வருகிறது, படம் வரவில்லை. பணம் செலுத்தும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. இன்றைய பக்கம் ஒன்று பல டொமைன்களிலிருந்து துண்டு துண்டாக வருகிறது. அதில் ஒன்றைச் சேவை தடுத்திருக்கிறது. பிரவுசரில் எஃப்12-ஐ அழுத்தி, நெட்வொர்க் தாவலில் சிவப்பாக நிற்கும் வரிகளைப் பாருங்கள். அந்தப் பெயரைச் சேவையின் லாகில் தேடினால் எந்தப் பிரிவின் கீழ் தடுக்கப்பட்டது என்று தெரியும்.

பெரும்பாலும் அது ‘புதிதாகப் பதிவான டொமைன்’ என்ற பிரிவாக இருக்கும். இந்தப் பிரிவைத் தடுப்பது மிக நல்ல யோசனை, ஏனென்றால் மோசடிக்காரர்கள் டொமைன் வாங்கியதும் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுகிறார்கள். ஆனால் நேர்மையான நிறுவனங்களும் புது டொமைன் வாங்குகின்றன. எனவே முதல் சில வாரங்களுக்கு இந்தப் பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வையுங்கள். லாகைப் படித்து யாருக்கெல்லாம் அடிபடும் என்று தெரிந்துகொண்ட பின் தடுக்கத் தொடங்குங்கள். மால்வேர், மோசடி, பாட்நெட் (தாக்குநரின் கட்டளைக்கு ஆடும் கணினிக் கூட்டம்) கட்டுப்பாடு ஆகிய பிரிவுகளுக்கு இந்தப் பொறுமை தேவையில்லை. முதல் நாளே தடுங்கள்.

விலக்குப் பட்டியலில் எழுதும்போது கை நடுங்கட்டும். லாகில் தெரிந்த முழுப் பெயரை மட்டும் எழுதுங்கள். அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு பெரிய க்ளவுட் நிறுவனத்தின் சேமிப்பக டொமைன் முழுவதையும் திறந்துவிட்டால், அதே டொமைனின் கீழ் யார் வேண்டுமானாலும் இடம் எடுத்து மோசடிப் பக்கம் போடலாம். ஒவ்வொரு விலக்குக்கும் யார் கேட்டார், எதற்கு, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் தடை தொடர்ந்தால், அது இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் சிநேம் சங்கிலியாக இருக்கலாம். சில சேவைகள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதிக்கும். ‘டிக்’ முழுச் சங்கிலியையும் காட்டும்.

‘எதையும் தடுத்தால் பாதுகாப்புதான்’ என்று நினைக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. 2017 மே மாதம் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை, ஒரு குறிப்பிட்ட டொமைனைத் தொடர்புகொள்ள முடிந்தால் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த டொமைனைத் தீயது என்று நினைத்துத் தடுத்த நெட்வொர்க்குகளில் அது நிற்காமல் ஃபைல்களைப் பூட்டும். தடைப்பட்டியலில் சொந்தமாக ஒரு பெயரைச் சேர்க்கும் முன் அது என்ன வேலை செய்கிறது என்று படித்துப் பாருங்கள்.

## “அன்பிளாக் பண்ணிட்டேன்னு சொன்னீங்க, இன்னும் வரல”

கேச். தடை என்ற பதிலுக்கும் டிடிஎல் (கேச்சில் இருக்கும் காலக்கெடு) உண்டு. பெயர் இல்லை என்ற பதிலும் கேச்சில் உட்காரும். வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் போங்கள்: சேவையிடம் நேரடியாகக் கேளுங்கள், சரியாக வந்தால் உள் சர்வரின் கேச்சை அழியுங்கள், பிறகு கணினியில் ‘ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ்’, கடைசியில் பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். உள் சர்வர்கள் இரண்டு இருந்தால் இரண்டிலும் அழிக்க வேண்டும்.

புதிதாகத் தடுத்த ஒன்று இன்னும் திறக்கிறது என்றாலும் இதே வரிசைதான். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை டிஎன்எஸ் வெட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். முகவரி கேட்கும் கணத்தில் மட்டும்தான் அதற்கு அதிகாரம்.

## “பிளாக் பேஜ் வராம சான்றிதழ் எச்சரிக்கை வருது”

பிரவுசர் ஒரு பெயருக்கு ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு கேட்டது. தடைப் பக்கத்தின் சர்வர் அந்தப் பெயருக்கான சான்றிதழைக் காட்ட முடியாது. எச்சரிக்கை வருவது பிரவுசரின் கடமை. நிறுவனக் கணினிகளில் சேவையின் ரூட் சான்றிதழை நிர்வாகக் கொள்கை வழியாக நிறுவினால் தடைப் பக்கம் ஒழுங்காகத் தெரியும். விருந்தினர் வைஃபையில் இதைச் செய்ய வழியில்லை, செய்யவும் கூடாது. அங்கே தடைப் பக்கத்தையே விட்டுவிட்டு என்எக்ஸ்டொமைன் கொடுப்பது நல்லது. பணியாளர்களிடம் ‘எச்சரிக்கை வந்தால் தொடர்க என்று தட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பழக்கம் ஒரு நாள் நிஜமான மோசடிப் பக்கத்தில் போய் முடியும்.

## “ஒரே ஒரு சைட் மட்டும் எங்களுக்கு வரல, மத்தவங்களுக்கு வருது”

‘டிக்’கில் செர்வ்ஃபெயில் வருகிறதா? அதே கேள்வியைக் கையொப்பச் சோதனையை நிறுத்தும் ‘சிடி’ விருப்பத்தோடு கேளுங்கள். இப்போது பதில் வந்தால் அந்த டொமைனின் டிஎன்எஸ்செக் (பதில் போலி அல்ல என்று காட்டும் கையொப்ப ஏற்பாடு) உடைந்திருக்கிறது. சோதிக்காத ரிசால்வர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது திறக்கிறது. சரிசெய்ய வேண்டியவர் டொமைனின் உரிமையாளர். உங்கள் பக்கத்தில் சோதனையை ஒட்டுமொத்தமாக அணைப்பது தீர்வல்ல.

எல்லா டொமைனுக்கும் கையொப்பச் சோதனை தோற்றால் உங்கள் ரிசால்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். கையொப்பங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. இதில் ஒரு சிக்கலான முடிச்சு இருக்கிறது: கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத சிறிய ரவுட்டர் மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதியில் எழுந்திருக்கும். நேரத்தைச் சரிசெய்ய, நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் பெயருக்கு முகவரி தேவை. அந்தப் பதில் வர டிஓடி இணைப்பு தேவை. டிஓடி சான்றிதழ் செல்லுபடியாகச் சரியான நேரம் தேவை. என்டிபி சர்வரைப் பெயராக எழுதாமல் ஐபியாகக் கொடுத்தால் முடிச்சு அவிழும்.

பெரிய பதில்கள் மட்டும் நேரம் முடிந்து நின்றால் சந்தேகம் ஃபயர்வால் மேல். 512 பைட்டைத் தாண்டிய யுடிபி பதிலை வெட்டி எறியும் பழைய விதிகள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. உள் ரிசால்வரில் இடிஎன்எஸ் பஃபர் அளவை (யுடிபியில் ஏற்கும் பதிலின் உச்ச அளவை) 1232 பைட்டாக வையுங்கள். அந்த அளவுக்குள் இருந்தால் பாக்கெட் வழியில் உடையாது. அதற்கு மேல் போனால் டிசிபிக்கு மாறிக்கொள்ளும்.

## “வர்ற மெயில் எல்லாம் திரும்பிப் போகுது”

இதைப் பார்த்தவுடன் பலருக்கு டிஎன்எஸ் மேல் சந்தேகம் வராது. மெயில் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும், அனுப்பிய ஐபி ஸ்பேம் பட்டியலில் இருக்கிறதா என்று டிஎன்எஸ் மூலமாகத்தான் கேட்கிறது. ஸ்பாம்ஹாஸ் போன்ற பட்டியல்கள் பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளுக்கு உண்மையான பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும். ‘ஏதாவது பதில் வந்தாலே அவன் பட்டியலில் இருக்கிறான்’ என்று அமைக்கப்பட்ட மெயில் சர்வர், உலகத்தில் எல்லோரையும் ஸ்பேம் என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பிவிடும்.

மெயில் சர்வருக்கு வடிகட்டி வேண்டாம். அதற்கென்று தனியாக, ரூட்டிலிருந்து தானே தேடும் ஒரு ரிசால்வரை வையுங்கள். எந்தெந்தக் குறியீட்டுக்கு மெயிலைத் திருப்ப வேண்டும் என்பதையும் மெயில் சர்வரில் துல்லியமாக எழுதுங்கள்.

இதனால் இன்னொரு பயனும் உண்டு. மெயில் வடிகட்டி, மெயிலுக்குள் இருக்கும் லிங்க்குகளின் டொமைன்களையும் கேட்டுப் பார்க்கும். அவற்றில் பல நிஜமாகவே மோசமானவை. இந்தத் தனி ரிசால்வர் இல்லாவிட்டால், சேவையின் லாகில் மெயில் சர்வர் மால்வேர் டொமைன்களைக் கேட்கிறது என்று சிவப்பு எச்சரிக்கை குவியும். சர்வரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று இரவோடு இரவாக அதைக் கழற்ற ஓடாதீர்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

## “வெளிய போனா லேப்டாப்ல நெட் வரல”

ரோமிங் ஏஜென்ட் உள்ள லேப்டாப்பில் டிஎன்எஸ் முகவரி 127.0.0.1 (அதே லேப்டாப்பைக் குறிக்கும் முகவரி) ஆக மாறியிருக்கும். ஏஜென்ட்தான் கேள்வியை வாங்கிச் சேவைக்கு அனுப்புகிறது. விமான நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் முதலில் ஒரு லாகின் பக்கம் வர வேண்டும். அந்த நெட்வொர்க் உங்கள் டிஎன்எஸ் கேள்வியைத் திசைதிருப்பித்தான் அதைக் காட்டும். ஏஜென்ட் மறையாக்கத்தில் பிடிவாதமாக இருந்தால் லாகின் பக்கமும் வராது, நெட்டும் வராது. லாகின் முடியும் வரை ஒதுங்கி நிற்கும் வசதி ஏஜென்டில் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஒரு சில லேப்டாப்பில் மட்டும் ஏஜென்ட் எழவே இல்லை என்றால், போர்ட் 53-ஐ வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். விண்டோஸின் இணைப்புப் பகிர்வு வசதியும், டெவலப்பர்கள் வைத்திருக்கும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்களும் வழக்கமான ஆட்கள். விபிஎன் போட்டால் மட்டும் உள் பெயர்கள் வரவில்லை என்றால், உள் டொமைன்களின் பட்டியலை ஏஜென்டில் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

## “நெட் ஸ்லோ”

டிஎன்எஸ்ஸைக் குறை சொல்லும் முன் அளந்து பாருங்கள். ‘டிக்’ ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த மில்லிநொடியைக் காட்டும். சரியாக ஐந்து நொடி தாமதம் என்றால் அது வேகக் குறைவு அல்ல. லினக்ஸில் ஒரு சர்வருக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் அதுதான். பட்டியலில் முதலில் இருக்கும் சர்வர் செத்துக் கிடக்கிறது.

கேள்விக்கு உடனே பதில் வந்தும் வீடியோ மட்டும் திணறினால், சிடிஎன் (வீடியோ போன்றவற்றைப் பல ஊர்களின் சர்வர்களிலிருந்து தரும் நெட்வொர்க்) உங்களைத் தூரத்து சர்வருக்கு அனுப்பியிருக்கலாம். அது பயனரை விட்டுவிட்டு ரிசால்வர் இருக்கும் இடத்தைப் பார்த்து சர்வரைத் தேர்ந்தெடுக்கிறது. பயனரின் நெட்வொர்க் விவரத்தில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பும் இசிஎஸ் வசதியைச் சேவை தந்தால் இது சரியாகும். அதற்காகக் கொஞ்சம் அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

## “பாட்நெட் அலர்ட் வந்திருக்கு, எந்தக் கணினின்னு தெரியல”

லாகில் எல்லாக் கேள்விகளும் ஒரே ஐபியிலிருந்து வந்ததாக இருக்கும். உள் சர்வர் எல்லோருக்காகவும் கேட்பதால், சேவைக்கு அதன் முகம் மட்டும்தான் தெரியும். கேச்சும் சேர்ந்து மறைக்கும்: முதல் கணினி கேட்ட கேள்வி மட்டும் வெளியே போகும், அதே டொமைனைக் கேட்ட இரண்டாவது, மூன்றாவது கணினிகளுக்கு உள் சர்வரே பதில் சொல்லியிருக்கும். ஒரு கணினியைச் சுத்தம் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் இரண்டு அங்கேயே இருக்கும்.

சேவையே தரும் உள் ஃபார்வர்டர் இருந்தால் அதை நிறுவுங்கள். கேட்ட கணினியின் உள் ஐபியை ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்பும். ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் போடுவது இன்னும் துல்லியம். இரண்டும் முடியாவிட்டால் உள் சர்வரில் கேள்வி லாகை இயக்கி வையுங்கள். டிஹெச்சிபி லாகையும் குறைந்தது அதே காலத்துக்கு வைத்திருங்கள், ஏனென்றால் நேற்று அந்த உள் ஐபி யாரிடம் இருந்தது என்பதை அது மட்டும்தான் சொல்லும். சேவையின் லாக் யுடிசி (உலகப் பொது) நேரத்திலும் உங்கள் சர்வர் உள்ளூர் நேரத்திலும் எழுதிக்கொண்டிருந்தால், ஒப்பிடும் முன் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாதவருடைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.